நிற்கிறவர்களின் கால்

தொடையிடுக்கில் ஒரு வெட்டு. கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குச் சற்று முன்னால், இன்னொரு வெட்டு. கீழ் வெட்டில் தெரியும் சிரைக்குள் வளையக்கூடிய நீளக் கம்பியை நுழைத்து மேலே ஏற்றுவார்கள். அது முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி, மேல் வெட்டில் தலைகாட்டும். கம்பியின் ஒரு முனையில் உலோகக் குமிழ் இருக்கும். சிரையின் நுனியை அந்தக் குமிழோடு சேர்த்துக் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தால், கால் நீளச் சிரையும் குமிழின் மேல் சுருங்கிச் சேர்ந்து வெளியே வந்துவிடும். வழியில் இருக்கிற கிளைகள் எல்லாம் உள்ளேயே அறுபடும். காலைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிற நர்ஸுக்கு அவை அறுபடுவது உள்ளங்கையில் தெரியும்.

1980-களின் நடுவில் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவைப் பிரிவில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தபோது நரம்பு சுருட்டுக்கு இதுதான் வைத்தியம். அந்தக் கம்பிக்கு ஸ்ட்ரிப்பர் என்று பெயர். பாப்காக் என்ற அமெரிக்க சர்ஜன் 1907-ல் கொண்டுவந்த கருவி அது. சிரையைத் தொடையில் கட்டி அடைத்துவிடும் முறையை அதற்கும் முன்பே, 1890-ஐ ஒட்டி, ஜெர்மனியில் டிரெண்டலன்பர்க் செய்து காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் எங்கள் தியேட்டர் வழக்கம். நான் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு தீர்மானமான ஒரு வைத்தியம், நான் வேலையில் பாதிக் காலத்தைக் கழிக்கும் வரை அப்படியே இருந்தது.

வந்து படுத்தவர்களிடம் தொழிலைக் கேட்கவே வேண்டியதில்லை. டீ மாஸ்டர், முடிதிருத்துகிறவர், தேய்ப்பு வண்டிக்காரர், கல்யாண வீட்டுச் சமையல்காரர், மில் தொழிலாளி, போக்குவரத்துக் காவலர். ஓர் இடத்தில் நின்று பிழைக்கிறவர்கள். நாளெல்லாம் நடக்கிற தபால்காரர் எங்கள் வார்டுக்கு அபூர்வமாகத்தான் வந்தார். பெண்கள் குறைவு. பிள்ளைப்பேறே சிரைகளைத் தளர்த்திவிடும் என்பதால் அவர்களுக்குத்தான் இது சின்ன வயதிலேயே தொடங்கும். ஆனால் சேலை கணுக்கால் வரை மறைத்துவிடும். கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, அரித்து, சொறிந்த இடம் புண்ணாகி, வீட்டில் மற்றவர்களால் நாற்றம் தாங்க முடியாமல் போன பிறகுதான் யாராவது கூட்டிக்கொண்டு வருவார்கள். புண்ணின் மேல் காப்பித்தூளோ பச்சிலையோ அப்பியிருக்கும். அதைக் கழுவி எடுப்பதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும். கழுவும்போது அந்தப் பெண்கள் வலிக்காக அழுததைவிட, காலை அடுத்தவர் பார்க்கிறார்களே என்று கூசியதுதான் அதிகம்.

அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் வந்து சோதிப்பார். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சிரைகளை வடியவிட்டு, தொடையில் ரப்பர் குழாயைக் கட்டி, எழுந்து நிற்கச் சொல்வார். கட்டை அவிழ்த்த நொடியில் மேலிருந்து கீழாகச் சிரை நிரம்பிப் புடைத்தால், தொடையிடுக்கு வால்வு கெட்டுவிட்டது என்று முடிவு. ஸ்கேன் கிடையாது. கையும் கண்ணும் அந்த ரப்பர் குழாயும்தான். பிறகு நிற்கவைத்தே ஊதா மருந்தால் சிரையின் தடத்தை வரைந்து வைப்போம். படுத்தால் புடைப்பு அடங்கிவிடும், தியேட்டரில் மேஜைமேல் எது எங்கே என்று தெரியாது. இரவு தொப்புளிலிருந்து பாதம் வரை ஷேவ், அப்புறம் எனிமா. காலையில் முதுகில் ஊசி.

திரும்பி வரும்போது கால்விரலிலிருந்து தொடை வரை கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்றியிருக்கும். முதுகில் ஊசி போட்டதால் தலையணை கூடாது. கட்டிலின் கால்மாட்டுக் கால்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைப்போம். தலை தாழ்ந்து, கால் உயர்ந்து, கூரையைப் பார்த்தபடி கிடப்பார்கள். விரல் நுனி சூடாக இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று ராத்திரி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. முதல் தடவை கட்டைப் பிரிக்கும்போது தொடையின் உள்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருக்கும். வீட்டார் அதைப் பார்த்துப் பயந்து போவார்கள். கெண்டைக்காலில் சிரையை ஒட்டியே உணர்வு நரம்பு ஒன்று ஓடுகிறது. இழுக்கும்போது அதுவும் அடிபடும். “சிஸ்டர், இந்த இடம் மரத்தே கெடக்கு” என்று மாதக்கணக்கில் கழித்து வந்து சொன்னவர்கள் உண்டு. பிற்பாடு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை உரித்தால் போதும் என்று சர்ஜன்கள் நிறுத்திக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

அந்த மனிதர்களை உண்மையில் முடக்கியது வேறு. தையல் பிரித்து, வீங்கிய கால் வடிந்து, மறுபடி அடுப்பு முன்னால் நிற்க வாரங்கள் ஆகும். டீ மாஸ்டர் ஒருவர் இரண்டு காலிலும் நோயோடு வந்தார். இடது காலைச் செய்துகொண்டு போனார். வலது காலுக்கு எப்போது வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தோம். வரவில்லை. பஸ் நிலையத்தில் ஒருநாள் பார்த்தபோது, “ஒரு காலுக்குப் படுத்து எந்திரிக்கதுக்குள்ள பட்டறையில வேற ஆளு நின்னுட்டான் சிஸ்டர், இன்னொரு காலுக்கும் படுத்தா பிள்ளைகளுக்குச் சோறு?” என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ரோமாபுரித் தளபதி காயஸ் மாரியஸுக்கும் இரண்டு காலிலும் இதே நோய் இருந்தது, கட்டிப்போடாமலே ஒரு காலை அறுக்கக் கொடுத்துப் பல்லைக் கடித்துத் தாங்கினார், மறு காலை நீட்ட மறுத்துவிட்டார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷம் கழித்து எங்கள் ஊர்ப் பட்டறையிலும் அதே கணக்குதான் நடந்தது. வைத்தியம் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

நோயின் கூறு எளிதானது. நின்றுகொண்டே இருக்கிறவரின் கணுக்காலில் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் பாதரசக் கணக்கில் 80 முதல் 90 மில்லிமீட்டர். இதயம் வரைக்குமான இரத்தத்தின் பாரம் முழுவதும் அங்கே இறங்குகிறது. நடக்கத் தொடங்கினால் கெண்டைச்சதை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ள, அது 30-க்குக் கீழே வந்துவிடும். தள்ளியது திரும்பி இறங்காமல் தடுப்பது சிரைக்குள் இருக்கும் மெல்லிய வால்வுகள். பதுவா நகரில் பேராசிரியராக இருந்த ஃபப்ரீசியஸ் 1603-ல் அவற்றைப் படம் போட்டு வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628-ல், இரத்தத்தை இதயத்தை நோக்கி ஒரே திசையில் விடுவதுதான் அவற்றின் வேலை என்று நிறுவினார். தோலுக்கடியில் தொடை வரை ஓடும் நீளச் சிரையில் அந்த வால்வுகள் சோர்ந்துபோனால், ஏறிய இரத்தம் மறுபடி இறங்குகிறது. சிரை விரிகிறது, நெளிகிறது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பது அதை விரட்டிக் கொண்டுவருகிறது.

காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழச் சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. அதனால் தோலடிச் சிரை கெட்டுப்போனால் அதை விலக்கிவிடலாம், கால் தாங்கிக்கொள்ளும். நூறு வருஷம் பெரும்பாலும் அதைப் பிடுங்கித்தான் விலக்கினார்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், உள்ளே மூடிவிட்டால் போதுமே என்ற யோசனை நெடுநாளாக இருந்தாலும், அதைச் செய்ய மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டியிருந்தது. தோலைத் திறக்காமல் சிரையின் ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் ஒன்று. 1953-ல் சுவீடன் நாட்டு செல்டிங்கர் காட்டிய, ஊசித் துளை வழியாக ஒயரை விட்டு அதன்மேல் குழாயை ஏற்றும் உத்தி ஒன்று. கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காக 1987-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் எழுதிய, நீர்த்த மரப்பு மருந்தை ஏராளமாக ஏற்றும் முறை ஒன்று. இந்த மூன்றாவதை நான் மிகவும் மதிக்கிறேன். முதுகில் ஊசியையும் தலையணை இல்லாத இரவையும் ஒழித்தது அதுதான். 1999-ல் ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை மூடும் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2002-ல் லேசருக்கு. 2013-ல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, முதலில் வெப்பச் சிகிச்சை, அது பொருந்தாவிட்டால் நுரை மருந்து ஊசி, அதுவும் ஆகாவிட்டால்தான் உரித்தெடுத்தல் என்று வரிசையையே தலைகீழாக்கியது. நான் சேர்ந்தபோது ஒரே வழியாக இருந்தது, நான் ஓய்வு பெறும் நேரத்தில் கடைசி வழியாகிவிட்டது.

என் தம்பி மகள் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். வயது முப்பதைத் தொடவில்லை. ஒரு பிள்ளை. போன் பண்ணி, “அத்தை, கணுக்கால்கிட்ட அரிக்கி, கருப்பாயிட்டே வருது” என்றாள். கேட்டதும் எனக்கு வார்டில் கழுவிய புண்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. சிரையில் தேங்கும் இரத்தம் கசிந்து, அதிலுள்ள இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் கருப்பு அது. புண்ணுக்கு முந்தின படி. உடனே கிளம்பிப் போய் அவளை ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

நிற்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைச்சதையை அழுத்தி விட்டால், கீழே இறங்குகிற இரத்தம் திரையில் வேறு நிறத்தில் தெரிகிறது. அரை நொடிக்கு மேல் இறங்கினால் வால்வு பழுது. ரப்பர் குழாயால் ஊகித்ததை இப்போது நோயாளியே பார்க்கலாம். ஆழச் சிரைகளில் உறைகட்டி இல்லை என்றும் அப்போதே பார்த்துக்கொண்டார்கள். அவை திறந்திருப்பது தெரியாமல் மேலே இருப்பதை மூடக்கூடாது. “பின்னால ஹார்ட் பைபாஸுக்கு இந்த நரம்புதானே எடுப்பாங்க?” என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் இவ்வளவு விரிந்து நெளிந்துபோன சிரை அதற்கு உதவாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்கள்.

பழைய ஸ்டாஃப் என்று சொன்னதும் என்னை உள்ளே நிற்க விட்டார்கள், லேசருக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு ஊசிக் குத்து. ஸ்கேனைப் பார்த்தபடி ஒயர், அதன்மேல் குழாய், குழாய்க்குள் மெல்லிய ஃபைபர். அதன் நுனி ஆழச் சிரையோடு சேரும் இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. அங்கே அவசரப்படாமல் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தார்கள், அதுதான் பிசகக்கூடாத இடம். பிறகு சிரையைச் சுற்றிலும் குளிர்ந்த உப்பு நீரில் கலந்த லிக்னோகெய்ன், அட்ரினலின். அது வலியை மரக்கடிப்பதோடு, சிரையை ஃபைபரின் மேல் அமுக்கிப் பிடிக்கிறது, தோலுக்கும் நரம்புக்கும் சூடு போகாமல் தடுக்கிறது. லேசரை இயக்கி ஃபைபரை மெல்லப் பின்னால் இழுக்க இழுக்க, வெந்த சிரை சுருங்கி மூடிக்கொண்டே வந்தது. அவள் என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். புடைத்திருந்த கிளைகளைத் தையல் தேவைப்படாத சிறு துளைகள் வழியாகக் கொக்கியால் எடுத்தார்கள். சுவிட்சர்லாந்தின் ராபர்ட் முல்லர் ஐம்பதுகளிலேயே தொடங்கிய முறை. அவர் தோல் மருத்துவர் என்பதாலோ என்னவோ சர்ஜன்கள் அதை ஏற்க நெடுங்காலம் பிடித்தது.

மேஜையிலிருந்து அவள் தானே இறங்கினாள். இறுக்கமான காலுறையைப் போட்டுவிட்டு வராண்டாவில் நடக்கச் சொன்னார்கள். இரத்தம் உறையாமல் இருக்க நடைதான் மருந்து. எந்த நோய்க்கு நாங்கள் கால்மாட்டில் கட்டை வைத்து அசையாமல் கிடத்தினோமோ, அதே நோய்க்கு இவள் எழுந்து நடந்து, வெளியே தள்ளுவண்டியில் இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இதை மாயமாகச் சொல்கிற விளம்பரங்கள் எனக்குக் கோபத்தைத் தருகின்றன. கத்தியில்லை, வலியில்லை, இனி வரவே வராது என்று எழுதுகிறார்கள். மூடிய சிரை மறுபடி திறக்கலாம், வேறொரு சிரை புதிதாகக் கெடலாம். மரத்துப்போவதும் தோல் கருப்பதும் சிலருக்கு உண்டு, ஆழச் சிரையில் உறைகட்டுவது அபூர்வமாக உண்டு. தோலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் மெல்லிய கோடுகளுக்கெல்லாம் லேசர் வேண்டியதே இல்லை. நம் ஊர் வெயிலில் அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதையும் யாராவது நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இத்தனையும் சொன்ன பிறகும், உரித்தெடுத்த காலையும் மூடிய காலையும் இரண்டையும் கையால் தொட்டவள் என்ற முறையில், பயப்படாமல் போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

போகாமல் இருக்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. துளை இவ்வளவு சிறிதான பிறகும் ஊரில் இன்னும் பழைய வெட்டின் கதைதான் உலவுகிறது. அப்பாவுக்குத் தொடையிலிருந்து கணுக்கால் வரை கிழித்தார்கள், ஆறு மாசம் கால் மரத்துக் கிடந்தது என்று மகன் சொல்கிறான், சொல்லிவிட்டுத் தன் காலை வேட்டியால் மூடிக்கொள்கிறான். புண் திறந்த பிறகு வருகிறார்கள். 2018-ல் இங்கிலாந்தில் 450 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று, புண் இருக்கும்போதே சிரையை உடனே மூடியவர்களுக்கு 56 நாட்களிலும், கட்டு மட்டும் போட்டுச் சிகிச்சையைத் தள்ளிவைத்தவர்களுக்கு 82 நாட்களிலும் ஆறியதாகக் காட்டியது. இவை இடைநிலை (மீடியன்) கணக்கு. கூலிக்குப் போகிறவருக்கு அந்த 26 நாள் வித்தியாசம் சின்னதல்ல.

இன்னொன்றும் மாறவில்லை. புடைத்த சிரை கணுக்காலருகே தோல் மெலிந்து வெடித்தால் இரத்தம் பீய்ச்சி அடிக்கும். ஒருமுறை, குளியலறையில் வழுக்கி விழுந்தது போல ஈரமும் இரத்தமுமாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள், முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இதயத்துக்குத் திரும்புகிற வழியை அந்தக் கயிறு அடைக்க, இரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. செய்ய வேண்டியது மூன்றே: உடனே படுக்கவைப்பது, காலை இதயத்துக்கு மேலே உயர்த்துவது, சுத்தமான துணியால் அந்த இடத்தைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துவது. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்போதும் இதுதான், இப்போதும் இதுதான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

நிற்பதும் மாறவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பெண்கூட்டு என்ற அமைப்பாகத் திரண்டு வருஷக்கணக்கில் போராடியதில், கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று எழுதியது. நான் எந்தக் கடைக்குப் போனாலும் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் சேலைக்கட்டு இருக்கிறது.

தம்பி மகளோடு மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவளிடம் நன்றாக நடக்கலாம், படி ஏறலாம், பிள்ளையைத் தூக்கலாம், ஓரிடத்தில் நின்றுகொண்டே மட்டும் இருக்கக்கூடாது என்றார்கள். அவள் சிரிக்கவில்லை. “நிக்கத்தான மேடம் சம்பளமே” என்றாள். மணிக்கு ஒருமுறை கொஞ்சம் உட்கார வேண்டும், நிற்கிற நேரத்திலும் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சான்றிதழ் எழுதித் தந்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு இவள் திருப்பி நீட்டினாள்.

“இது இங்கிலீஷ்ல இருக்கு மேடம். ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணன் வாசிக்க மாட்டாங்க. தமிழ்ல எழுதிக் குடுங்க. சட்டம் இருக்குன்னு அத்தை சொல்லுதாங்களே, அதையும் எழுதுங்க.”

டாக்டரம்மா புதுத் தாளை எடுத்தார்கள். சட்டம் எந்த வருஷம் வந்தது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு எழுதினார்கள்.